படத்தைக் கொண்டு விளக்கின் ஒளியை அளத்தல்

விடியுமுன் தலைவிளக்கு அணிந்து பால் வெட்டச் செல்லும் அன்பர்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. மங்குவது விளக்கா, கண்ணா? கண்ணையே கேட்டால் சரியான விடை கிடைக்காது. ஒளி குறையக் குறையக் கண்மணி விரிந்து, குறைந்த வெளிச்சத்திற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆகவே விளக்கு சிறுகச் சிறுக மங்குவதை நாம் அறிவதில்லை. கத்தி ஆழமாய் இறங்கி மரத்தில் காயம்பட்ட பின்னரே அறிகிறோம்.

கைப்பேசிக் கேமராவும் ஒரு கணினியும் இருந்தால் இவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். படம் என்பது இலட்சக்கணக்கான புள்ளிகளின் தொகுப்பு. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகப் பதிவாகிறது. 0 முழுக் கருமை. 255 முழு வெண்மை. இவ்வெண்களைப் படித்துச் சராசரி கூறும் மென்பொருள்களுள் ஒன்று இமேஜ்ஜே. அமெரிக்க அரசின் தேசியச் சுகாதாரக் கழகங்களில் வேய்ன் ராஸ்பாண்ட் என்பார் உருவாக்கிய இது 1997இல் வெளிவந்தது. நுண்ணோக்கிப் படங்களை ஆராய்வோர் பெரிதும் பயன்படுத்தும் கருவி எனினும் நமது தலைவிளக்குக்கும் உதவும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனிச் செய்முறையைக் காண்போம். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுக. தலைவிளக்கை ஒரு மீட்டர் தூரத்தில் அசையாது நிறுத்தித் தாளின்மீது ஒளி விழச் செய்க. கைப்பேசியையும் ஒரே இடத்தில் பொருத்துக. படம் எடுக்க வேண்டியது தாளையே, விளக்கையன்று. விளக்கை நேரே எடுத்தால் புள்ளிகள் 255ஐத் தொட்டு நின்றுவிடும். நிரம்பி வழிந்த பால் வாளியைப் பார்த்து, வழிந்தது எவ்வளவு என்று யாரால் கூற முடியும்?

பலர் தவறுவது அடுத்த படியில்தான். கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும் இயல்புடையது. மங்கிய விளக்கையும் பிரகாசமாகக் காட்டிவிடும். கண் செய்யும் அதே பிழை! எனவே ‘புரோ’ முறைக்குச் சென்று ஐ.எஸ்.ஓ., ஷட்டர் நேரம், வெள்ளைச் சமநிலை ஆகிய மூன்றையும் நிலைநிறுத்துக.

பின்னர்ப் படத்தை இமேஜ்ஜேயில் திறந்து, 8 பிட் கறுப்பு வெள்ளையாக மாற்றி, தாளின் நடுவே ஒரு கட்டம் வரைந்து, ‘மெஷர்’ என்னும் கட்டளையை இடுக. ‘மீன்’ என்ற தலைப்பின்கீழ் வருவதே சராசரி. பள்ளியிற் பயிலும் பிள்ளை அருகிலிருந்தால் இது சிறு வேலைதான்.

மின்கலம் நிறைந்திருந்தபோது 188 என்றும், சில மணி நேரத்திற்குப் பின் 128 என்றும் வந்ததாகக் கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. சாதாரணப் படங்களில் எண்ணும் ஒளியும் நேர்விகிதத்தில் செல்வதில்லை. பொது வழக்கிலுள்ள எஸ்.ஆர்.ஜி.பி. முறைப்படி 188 என்பது முழு ஒளியில் ஏறத்தாழப் பாதி. 128 என்பது 100க்கு 22 மட்டுமே. அதாவது விளக்கு தன் ஒளியில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது.

இக்கணக்கு கடினமெனத் தோன்றினால் எளிய வழியும் உண்டு. முதற் படத்தை 60இல் ஒரு பங்கு வினாடியில் எடுத்திருந்தால், விளக்கு மங்கிய பின் 30இல் ஒரு பங்கு வினாடியில் எடுத்துப் பாருங்கள். இரட்டை நேரத்தில் மீண்டும் அதே 188 வருமானால் ஒளி சரிபாதியாகிவிட்டது. 188க்கும் குறைவாக வந்தால் பாதியும் மிஞ்சவில்லை. இரு தலைவிளக்குகளை வாங்குமுன் ஒப்பிடவும் இம்முறையே போதும்.

இவ்வெண்கள் லக்ஸ் அளவு ஆகா. லக்ஸ் வேண்டுமெனில், லக்ஸ் மானி ஒன்றை ஒருமுறை தாளருகே வைத்து அளந்து, அதே வேளையில் படமும் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.