ஒரு முட்டை போதும்

குழந்தைப்பேறு சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டருக்கு,

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வரும் பெண்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "எத்தனை முட்டை வளர்ந்திருக்கு?" எண்ணிக்கை கூடினால் அதிர்ஷ்டமும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. டாக்டரும் அதே கணக்கைப் போட்டால்தான் ஆபத்து. ஐ.வி.எஃப்.புக்குப் பல முட்டைகள் வேண்டியிருக்கும். முட்டை சரியாக வெடிக்காத பி.சி.ஓ.எஸ். பெண் இயல்பாகக் கருத்தரிக்க ஒன்று போதும்.

முட்டை வளரத் தூண்டும் ஊசி மருந்தின் கதை விசித்திரமானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து அதற்கான ஹார்மோனைப் பிரித்தெடுத்தவர் இத்தாலியின் பியேரோ டோனினி. சிறுநீர் வந்தது கன்னியாஸ்திரீ மடங்களிலிருந்து. அதைக் கொண்டு புரூனோ லுனென்ஃபெல்ட் அளித்த சிகிச்சையில் 1962-ல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றைத் துறந்தவர்கள் முகம் தெரியாத ஒருத்தியின் மடி நிறையக் காரணமானார்கள்! 1978-ல் பிறந்த உலகின் முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயி பிரவுன் உருவானது மருந்தால் தூண்டாத முட்டையில். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் துர்கா என்ற ஐ.வி.எஃப். குழந்தை பிறக்க, டாக்டர் சுபாஷ் முகர்ஜி நாடியது இந்த ஊசி வகையைத்தான். அன்று அவரை அரசுக் குழு நம்பவில்லை.

முட்டையைத் தூண்டும் மாத்திரைகளில் பழையது குளோமிஃபீன். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த லெட்ரோசோலை, குழந்தைப்பேறு சிகிச்சைக்குத் தரக்கூடாது என்று இந்தியா 2011-ல் தடுத்தது. அமெரிக்காவில் 750 பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், குளோமிஃபீனில் 19.1. தடை 2017-ல் நீங்கியது. அந்த ஆய்வு எண்ணியது முட்டைகளை அல்ல, பிறந்த குழந்தைகளை.

மருந்துச் சீட்டு எழுதுமுன் கணவரின் விந்துப் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். அது இல்லாமலே மாதக்கணக்கில் மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது இன்றும் நடக்கிறது.

ஊசியில் முட்டைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டால் வயிறு வீங்கி நீர் கோக்கும், ரத்தம் கெட்டியாகும், மோசமானால் ஐ.சி.யு.தான். பி.சி.ஓ.எஸ். உள்ள, ஒல்லியான, இளவயதுப் பெண்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

முட்டை வளரும் ஃபாலிக்கிள்கள் நாலைந்து ஒன்றாகப் பெருத்துவிட்டால், வெடிக்க வைக்கும் ஊசியைப் போடாமல், இந்த மாதம் சேர வேண்டாம் என்று சொல்ல நேரும். பணம் கட்டிய தம்பதி கோபப்படுவார்கள். "ரெட்டைப் புள்ளைன்னா சந்தோஷம்தானே?" என்பார் மாமியார். மூன்று கருவோடு ஏழாம் மாதமே வலி கண்டால் என்னென்ன நேரும் என்று அவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.