பேன் பண்ணினால் சரியாகிவிடுமா?

தோற்ற அணியிலிருந்து முதலில் எழும் குரல் இதுதான்: "அந்தக் கன்னை பேன் பண்ணுங்கப்பா!" அதாவது, தடை செய்யுங்கள். அணியாக மோதும் துப்பாக்கி விளையாட்டுகளில் ஆயுதச் சமநிலை பற்றி நிலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சமநிலை என்றால் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே பலம்.

உண்மை: கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் தாக்கும் தரப்பின் ஏ.கே.-47 விலை, விளையாட்டுப் பணத்தில் 2,700 டாலர். வழக்கமான தூரத்தில், ஹெல்மெட் போட்ட தலைக்கும் ஒரு குண்டு போதும். காக்கும் தரப்பின் எம்4 அதைவிட விலை கூடுதல். ஆனாலும் அதே தலைக்கு இரண்டாவது குண்டு வேண்டும். இதில் ஓரவஞ்சனை இல்லை. காப்பவர் மூலையில் பதுங்கிக் காத்திருக்கலாம். தாக்குபவர் வெடிகுண்டோடு வெளியே வந்தே தீர வேண்டும்.

நம்பிக்கை 2: ஒரே குண்டில் கொன்றால் அநியாயம்.

உண்மை: ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பர் காலைத் தவிர எங்கே பட்டாலும் சாய்த்துவிடும். ஆனால் விலை 4,750. குறி தப்பினால் அடுத்த குண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை வினாடி. அதற்குள் எதிராளி மேலே பாய்ந்துவிடுவார். ஒருவரை வீழ்த்தினால் பரிசு 100 டாலர்தான், ஏ.கே.வுக்கு 300. 2022 நவம்பரில், விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் ஏ.டபிள்யூ.பி.யின் மேகசினை 10 குண்டுகளிலிருந்து 5 ஆகக் குறைத்தது, அவ்வளவே. 2015 டிசம்பரில் வந்த ஆர்8 ரிவால்வரோ 850 டாலருக்கே கிட்டத்தட்ட அதே அடி அடித்தது. சில நாள்களிலேயே அதன் பலத்தைக் குறைத்தார்கள். பலம் குற்றமல்ல, மலிவாகக் கிடைத்த பலமே குற்றம்.

நம்பிக்கை 3: அதிகம் கொல்லும் ஆயுதத்தைத்தான் தடை செய்வார்கள்.

உண்மை: டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் நடாஷா என்ற மினிகன்னின் அடி, சாதாரண மினிகன்னைவிட 25 சதவீதம் குறைவு. ஆனாலும் லீக்குகள் அதைத் தடை செய்தன. காரணம், குண்டு பட்டவரின் வேகத்தை அது குறைக்கும். பறந்தும் தாவியும் தப்பிப்பதே அந்த விளையாட்டின் உயிர். சேற்றில் கால் புதைந்தவரைப் போல நின்று சாவதில் திறமைக்கு வேலையே இல்லை.

நம்பிக்கை 4: எதைத் தடை செய்வது என்பதை விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே தீர்மானிக்கும்.

உண்மை: 2016-இல் டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கு வால்வ் கொண்டுவந்த போட்டி முறையில் ஆயுதத் தடையும் இல்லை, ஓர் அணியில் எத்தனை மெடிக் (குணப்படுத்தும் வீரர்) என்ற வரம்பும் இல்லை. அனுபவம் மிக்க வீரர்கள் தங்கள் லீக்குகளின் விதிகளையே நம்பி ஆடினார்கள். எது அனுமதி, எது தடை என்ற பட்டியலைப் பல ஆண்டுகளாக ஆடுபவர்களே விவாதித்துத் திருத்தி வந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு துப்பாக்கி உங்களைச் சாய்த்தால், அதற்காக எதிராளி எதை விட்டுக்கொடுத்தார் என்று பாருங்கள். விலை, வேகம், ஒன்றரை வினாடி என்று ஏதாவது இருந்தால், அங்கேதான் உங்களுக்கான வழி. எதையுமே அவர் இழக்கவில்லை என்றால், தாராளமாகத் தடை கேளுங்கள்; அந்தக் கோரிக்கை நியாயமானது.