உருவம் கண்டவுடன் வாங்கலாமா?

பங்கு விலை வரைபடத்தில், விலை ஒரே மட்டத்திற்கு இருமுறை இறங்கி எழுவதை ‘இரட்டைத் தாழ்வு’ என்பர். இதனைக் கண்ட மாத்திரத்தில் குடும்பச் சேமிப்பை இடுதல் தகாது. இரு தாழ்வுகட்கும் இடைப்பட்ட முகட்டை விலை கடக்கும்வரை உருவம் முற்றுப்பெறவில்லை.

1948-இல் எட்வர்ட்ஸ், மகீ இருவரும் வெளியிட்ட நூல், முடிவு விலை அம்முகட்டை 3 விழுக்காடு கடத்தலையும், அப்போது வணிக அளவு பெருகுதலையும் சான்றாகக் கொள்கிறது. முகடு 200 ரூபாயெனில், விலை 206-இலோ அதற்கு மேலோ முடிதல் வேண்டும். நடுப்பகலில் 207-ஐத் தொட்டு 199-இல் முடிந்தால் அது சான்றாகாது.

காத்திருப்போர் சற்றுக் கூடுதல் விலை தர நேரும். ஆயினும் பொய் உருவங்கள் பலவற்றினின்று தப்புவர். சான்று கிடைத்த பின்னும் விலை சரியலாம். ஆதலின், நட்டம் எவ்விலையை எட்டினால் விற்று வெளியேறுவது என்பதை வாங்குமுன்பே எழுதி வைத்துக்கொள்க.