மின்சாரம் நின்றால் தொலைபேசி பேசுமா?

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பகலில் மின்சாரம் நின்றாலும் கைத்தறியின் ஓசை நிற்பதில்லை. நெசவாளரின் கையும் காலுமே அதற்கு விசை. விசைத்தறியோ மின்சாரம் நின்ற நொடியே நின்றுவிடும். நம் வீட்டுத் தொலைபேசியும் இன்று விசைத்தறியைப் போல் ஆகிவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் வேண்டியதில்லை. தொலைபேசி நிலையத்தில் 2 வோல்ட் மின்கலங்கள் 24 வரிசையாக இணைக்கப்பட்டு 48 வோல்ட் தரும். பேசுவதற்கு வேண்டிய மின்சாரம் அங்கிருந்தே செம்புக் கம்பி வழியாக வீடு வந்து சேரும். ஊரே இருண்டாலும் ரிசீவரை எடுத்தால் ஒலி கேட்கும்.

இணையத் தொலைபேசிக்கு வருவது கண்ணாடி இழை. அது ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியைக் குரலாக மாற்றும் மோடம் பெட்டி நம் வீட்டு மின்சாரத்தில் இயங்குகிறது. மின்சாரம் போனால் மோடம் அணையும்; தொலைபேசி ஊமையாகும்.

இதன் விளைவு என்ன? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரமில்லை. கைப்பேசிக் கோபுரங்களும் மின்கலமோ டீசலோ தீர்ந்தால் ஓய்ந்துவிடும். அத்தகைய இரவில் வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் 108ஐ எப்படி அழைப்பது?

மாற்று மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால், அதற்கு அதிகமாகத் தேவைப்படுவது 12 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இருப்பது 84 வாட்-மணி. 84ஐ 12ஆல் வகுத்தால் 7 மணி நேரம். ஆனால் ஈய மின்கலத்தை முழுவதும் வடியவிடக் கூடாது. நாளடைவில் அதன் திறனும் குறையும். ஆகையால் பாதி நேரமே கிடைக்கும் என்று கொள்வது நலம். அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் 2015இல் ஒரு விதி வகுத்தது. இத்தகைய தொலைபேசிக்கு முதலில் 8 மணி நேரமும், 2019 முதல் 24 மணி நேரமும் தாங்கும் மாற்று மின்வசதியை, விரும்புவோருக்கு நிறுவனங்கள் விலைக்குத் தரவேண்டும் என்பதே 2025 வரை நடப்பில் இருந்த அந்த விதி.

நம் இல்லங்களில் செய்யத் தக்கவை சில. இன்வெர்ட்டர் இருந்தால், மோடத்தின் பிளக் அந்த இணைப்பில்தான் உள்ளதா என்று பாருங்கள். பல வீடுகளில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் மட்டுமே அந்த இணைப்பு இருக்கும். கம்பியில்லாக் கார்ட்லெஸ் தொலைபேசியானால் அதன் அடிப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். மின்கலத்தை வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். கைப்பேசி ஒன்றை எப்போதும் முழு மின்னூட்டத்துடன் வைத்திருங்கள்.

இன்று மாலையே பெரியவர்களைக் கொண்டு மெயின் சுவிட்சை அணைக்கச் செய்து, தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். புயல் வருமுன் அறிந்துகொண்டால் அன்றே சரிசெய்யலாம். புயல் இரவில் அறிந்து பயனில்லை.