வல்லத்துப் பிள்ளையும் விடை காணா வினாவும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றுவது தமிழ் மரபு. ஆயினும் தமிழ்த்துறை மலர்களில் எழுத்தைப் பற்றியே எழுதிக் குவிக்கிறோம். மற்றொரு கண்ணை மூடியே வைத்திருக்கிறோம். இக்கட்டுரையாளன் கணிதம் கற்றவனல்லன். எனினும் வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகக் குற்றாலத்திற்குச் சாரல் காணச் செல்லும் நம்மவர்க்கு, அருவிக்கு அண்மையிலுள்ள வல்லம் என்னும் சிற்றூரில் பிறந்த கணித மேதை ஒருவரை அறிமுகம் செய்தல் கடன் எனத் தோன்றிற்று. அவர் எழுப்பிய வினா ஒன்றிற்கு உலகம் இன்னும் விடை காணவில்லை.

அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். பிறந்த ஓராண்டிலேயே தாயை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்க வேண்டும். மாணவனின் அறிவுக்கூர்மையை உணர்ந்திருந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர், தம் சொற்ப ஊதியத்திலிருந்து பொருளுதவி செய்து அவரைக் காத்தார். அந்த ஆசிரியர் கைகொடுத்திராவிடின் இக்கட்டுரைக்கே இடமிராது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியிலும் பயின்ற பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனந்தராவிடம் ஆய்வு முறை கற்றார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருடைய பெருமைக்குரிய ஆய்வுகள் சிதம்பரத்து மண்ணில் விளைந்தவையே.

அவற்றுள் தலையாயது வேரிங் வினா பற்றியது. எட்வர்டு வேரிங் என்னும் ஆங்கிலேயர் 1770இல் ஒரு கருத்தை வெளியிட்டார்: எந்த முழு எண்ணையும் நான்கிற்கு மேற்படாத வர்க்கங்களின் கூட்டலாகவோ, ஒன்பதிற்கு மேற்படாத கனங்களின் கூட்டலாகவோ, பத்தொன்பதிற்கு மேற்படாத நான்காம் அடுக்குகளின் கூட்டலாகவோ எழுதலாம், மேலுள்ள அடுக்குகளுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு. சொன்னாரேயன்றி மெய்ப்பிக்கவில்லை.

இதனை விளங்கிக்கொள்ளப் பெரும் புலமை வேண்டா. 23 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். கனங்கள் 1, 8, 27 என வளர்வன. 27, நம் எண்ணினும் பெரிது. அதனைப் பயன்படுத்த இயலாது. எட்டு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும் மட்டுமே வழங்கும் நாட்டில் 23 ரூபாய்க்குப் பொருள் வாங்குவதாகக் கொள்க. இரண்டு தாள்களும் ஏழு நாணயங்களுமாக ஒன்பது தேவை. அதிற் குறைக்க வழியில்லை. நான்காம் அடுக்குகளில் 79 என்னும் எண் இவ்வாறே தொல்லை தருவது: 16 நான்கு முறை, 1 பதினைந்து முறை, ஆகப் பத்தொன்பது. ஆறாம் அடுக்கில் 1, 64 என்பவற்றை அடுத்து வருவது 729. அதனினும் சிறிய 703ஐ எழுத, 64 பத்து முறையும் 1 அறுபத்து மூன்று முறையும் வேண்டும். ஆக எழுபத்து மூன்று.

எழுபத்து மூன்று தேவை என்பதைச் சிறுவனும் காட்டுவான். எண்கள் எவ்வளவு நீண்டு சென்றாலும் எழுபத்து மூன்றே போதும் என்று காட்டுவதன்றோ அரிது! எல்லா அடுக்கிற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1909இல் செருமானிய அறிஞர் ஹில்பர்ட் மெய்ப்பித்தார். அவ்வெல்லை எது என்பதை அவர் கூறவில்லை. 1936இல், ஏழாம் அடுக்கு முதலாக அவ்வெல்லையைக் கணிக்கும் வழியை, ஒரு சிறு நிபந்தனைக்கு உட்பட்டு, பிள்ளை கண்டார். அமெரிக்க அறிஞர் டிக்சனும் அதே காலத்தில் தனியே கண்டார். 1940இல் ஆறாம் அடுக்கிற்கு 73 என்னும் விடையையும் பிள்ளை நிறுவினார். ஐந்தாம் அடுக்கிற்கு 37 என்பதைச் சீன அறிஞர் சென் 1964இல் நிறுவினார். நான்காம் அடுக்கின் 19 என்பதோ 1986 வரை காத்திருந்தது. அதனை முடித்த மூவருள் ஒருவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய பாலசுப்பிரமணியன். ஏனைய இருவர் பிரெஞ்சுக்காரர். பெரிய அடுக்குகள் முன்னே பணிய, சிறிய அடுக்கு இறுதிவரை முரண்டு பிடித்தது வியப்பே. மேற்சொன்ன சிறு நிபந்தனை எல்லா அடுக்கிற்கும் பொருந்தும் என்பதும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இனி, தொடக்கத்திற் குறித்த வினாவிற்கு வருவோம். வர்க்கம், கனம் முதலிய அடுக்குகளையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்துக: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64... அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 3, 4, 1, 7, 9, 2, 5, 4, 13, 15 எனச் செல்கிறது. ஒருமுறை விரியும், மறுமுறை சுருங்கும். ஒழுங்கு ஏதும் தென்படவில்லை. ஆயினும் வரிசையில் தொலைதூரம் சென்றால் இடைவெளிகள் வரம்பின்றிப் பெருகும், எந்தவோர் இடைவெளியும் முடிவில்லாமல் மீண்டும் மீண்டும் வாராது என்றார் பிள்ளை. அலிகாரில் கூடிய இந்தியக் கணிதக் கழக மாநாட்டில் தாம் உரைத்த இக்கருத்தை 1945இல் அச்சிலும் வெளியிட்டார். கணித உலகம் இதனைப் பிள்ளையின் ஊகம் என்றே வழங்குகிறது.

1942இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவருக்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் தங்கி ஆராயும் அழைப்பு வந்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31 அன்று அவர் சென்ற விமானம் எகிப்தில் கெய்ரோவை விட்டு எழுந்த சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு அகவை 49.

அவருக்குப் பின் ஓர் இடைவெளி மட்டும் முற்றும் தீர்ந்தது. ஒன்று என்னும் இடைவெளி 8, 9 என்னும் இடத்திலன்றி வேறெங்கும் வாராது என்று பெல்ஜியத்தின் கத்தலான் 1844இல் கூறியிருந்ததை, உருமேனியரான மிகைலெஸ்கு 2002இல் மெய்ப்பித்தார். இரண்டு என்னும் இடைவெளிக்கே இன்னும் தீர்ப்பில்லை. 25, 27 என்னும் இணையை யாவரும் அறிவர்; வேறோர் இணை உண்டா என்பதை எவரும் அறியார். ஆறு வேறுபாடாக அமையும் இரண்டு அடுக்கெண்களை இதுவரை எவரும் கண்டதில்லை. காணவே இயலாது என்று மெய்ப்பித்தவரும் இலர்.