முழங்கால் வலிக்குத் தொடையைக் கவனியுங்கள்



நம் தொழிலில் முழங்கால் வலி இல்லாதவர்கள் குறைவு. கடை திறந்தது முதல் நிற்க வேண்டும். இல்லையென்றால் கல்லாவில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். ஐம்பதைத் தாண்டியதும் எக்ஸ்ரேயைப் பார்த்து, "மூட்டுத் தேய்மானம்" என்று சொல்லிவிடுகிறார்கள். தேய்ந்ததை என்ன செய்வது என்று நாமும் தைலத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்குப் பருப்பு மொத்த வியாபாரம். வலது முழங்காலில் வலி வந்ததும், ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். குடோன் மாடிக்குப் பையனை அனுப்பினேன். பக்கத்துத் தெருவுக்கும் வண்டியில்தான் போனேன். எட்டு மாதமாகியும் வலி குறையவில்லை. ஒரு நாள் மாடிப்படி இறங்கும்போது கால் திடீரென்று மடங்கிவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்ததால் தப்பித்தேன். மகன் மறுநாளே பிசியோதெரபி செய்பவரிடம் அழைத்துப்போனான். அவர் டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது தொடை இரண்டு சென்டிமீட்டர் இளைத்திருந்தது!

தொடையின் முன்புறம் நான்கு தசைகள் சேர்ந்து, முழங்கால் சில்லைப் பற்றி, அதற்குக் கீழுள்ள எலும்பில் முடிகின்றன. காலை நீட்டுவதும், உட்கார்ந்து எழுவதும் இவற்றால்தான். படி இறங்கும்போது பிரேக் போடுவதும் இவைதான். லாரியில் ஸ்பிரிங் பட்டை தளர்ந்தால் குலுக்கல் முழுவதும் சரக்கின்மேல் விழும் அல்லவா? அதுபோல இங்கே மூட்டின்மேல் விழுகிறது.

மூட்டில் வலியோ வீக்கமோ இருந்தால், நரம்பு வழியாக இந்தத் தசைக்கு வரும் உத்தரவே குறைந்துவிடுகிறது. நாம் சோம்பேறி என்று அர்த்தமில்லை. ஆனால் வலிக்குப் பயந்து நடையையும் குறைத்தால் தசை மேலும் இளைக்கிறது, வலி கூடுகிறது. வட்டிக்கு வட்டி போலத்தான். வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறு. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தும் வலியே இல்லாதவர்களுக்கும் இந்தத் தசையில் பலக்குறைவு காணப்பட்டது.

பயிற்சியைக் கடையிலேயே செய்யலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. காலுக்குப் பத்துத் தடவை. பழகியபின் அரைக் கிலோ உப்பைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம் (நமக்கு அதற்கா பஞ்சம்). அடுத்தது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முதல் வாரம் என்னால் முடியவே இல்லை. இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டித்தான் எழுந்தேன். லேசான வலி இருக்கும். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். உடல் எடை கூடியவர்கள் அதையும் குறைத்தால்தான் முழுப்பலன்.

எனக்குக் கையூன்றாமல் எழ ஆறு வாரம் பிடித்தது. எக்ஸ்ரே பழையபடிதான் இருக்கிறது. மழைக்காலத்தில் வலியும் எட்டிப்பார்க்கிறது. ஆனால் குடோன் மாடிக்கு நானே ஏறிச் சரக்குப் பார்க்கிறேன். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கிறேன், இறங்கும்போது வலிக்கிற காலை. கைப்பிடிக் கம்பியை மட்டும் விடுவதில்லை.