வெளிநாட்டுக் கொள்கை படிக்க விரும்பும் மாணவிக்கு

உயர்தர வகுப்பில் அரசறிவியல் கற்பிக்கும்போது, இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை என்ற பகுதிக்கு வந்ததும் வகுப்பில் ஒரு மாற்றத்தைக் காண்பேன். அதுவரை குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். பாடம் முடிந்த பின் ஓரிருவர் வந்து, "டீச்சர், இதையே மேல படிக்க ஏலுமா?" என்பார்கள். பெற்றோர் கூட்டத்தன்று அதே மாணவியின் உம்மா, "இதப் படிச்சி என்ன தொழில் கெடைக்கும்?" என்று கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள். பட்டம் பெற்ற பின் இத்துறையில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி, அதற்கு இன்றே எப்படித் தயாராவது என்று இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குள் வரும் வெளிநாட்டுக் கொள்கை

வெளிநாட்டுக் கொள்கை என்றால் அமைச்சர்கள் கைகுலுக்கும் புகைப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பில் வாழும் எங்களுக்கு அது அவ்வளவு தூரத்து விஷயம் அல்ல. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில்தான் துறைமுகம். அங்கே ஒரு கொள்கலன் முனையத்தில் சீன நிறுவனமும் இன்னொன்றில் இந்திய நிறுவனமும் பெரும்பங்கு வைத்திருக்கின்றன. வெள்ளவத்தையில் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை நம்பாத மாடிக் குடியிருப்பு ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

2020ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டோம். கொவிட் தொற்றினால் மரணித்தவர்களை எரிக்க வேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. உள்ளூரில் எழுந்த கோரிக்கைகள் மாதக்கணக்காகப் பலனளிக்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். அதே நாட்களில் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் அமர்வு நடந்துகொண்டிருந்தது. இலங்கை பற்றிய தீர்மானம் அங்கே வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் இலங்கைக்குத் தேவைப்பட்டன. அந்த மாதம் முடிவதற்குள் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வெளிவந்தது.

இதில் எந்தக் காரணம் எவ்வளவு தூரம் செல்வாக்குச் செலுத்தியது? உள்ளூர்ப் போராட்டமா, விருந்தாளியின் வருகையா, ஜெனீவா வாக்கா? இப்படிக் கேட்டு, சான்றுகளைத் தேடி, நிதானமாகப் பதில் காண்பதே இப்படிப்பு. எங்கள் ஜனாஸாக்களின் மீதே அந்தக் கேள்வி எழுந்தது என்றால், அதைப் படிக்க எங்களுக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

முன்சென்றவர்கள்

இது ஆண்களுக்குரிய துறை என்று சொல்பவர்களுக்கு ஹுதைபிய்யாவை ஞாபகமூட்டலாம். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு அந்த உடன்படிக்கை எழுதப்பட்ட பின், மனம் உடைந்திருந்த ஸஹாபாக்கள் பலியிட்டுத் தலைமுடி களையத் தயங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் செய்யுங்கள் என்று அவர் ஆலோசனை கூறினார். நபியவர்கள் அவ்வாறே செய்ய, எல்லோரும் பின்பற்றினார்கள். நெருக்கடியான வேளையில் ஒரு பெண்ணின் ஆலோசனை ஏற்கப்பட்ட வரலாறு இது. ஸைத் இப்னு ஸாபித் (ரழி) என்ற இளைஞர், பிற சமூகத்தாரின் கடிதங்களை வாசிக்கவும் எழுதவும் அவர்களின் மொழியைக் கற்குமாறு பணிக்கப்பட்டதையும் ஹதீஸ்களில் காண்கிறோம்.

எங்கள் நாட்டிலும் முன்மாதிரிகள் உள்ளனர். கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த ரி. பி. ஜாயா 1950இல் பாகிஸ்தானுக்கான உயர் ஸ்தானிகராகச் சென்றார். ஏ. சி. எஸ். ஹமீத் 1977 முதல் 1989 வரை வெளிநாட்டு அமைச்சராகப் பணியாற்றினார். அதற்கு முன்னர் அப்பொறுப்பைப் பிரதமர்களே வைத்திருந்தார்கள். அதைத் தனியாக வகித்த முதல்வர் அவரே. 1958இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்த முதல் பெண் மானெல் அபேசேகர. 1982இல் இலங்கையர் ஒருவர் கடத்திய இத்தாலிய விமானம் பாங்கொக்கில் நின்றபோது, அங்கே தூதுவராக இருந்து பேச்சுவார்த்தையில் ஈடுபட்டவரும் அவரே.

எங்கே படிக்கலாம்?

இதற்காகக் கடல் கடந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பௌத்தாலோக மாவத்தையிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டப வளாகத்தில் 1974இல் தொடங்கிய சர்வதேசக் கற்கைகளுக்கான பண்டாரநாயக்க நிலையம் இயங்குகிறது. வெளிநாட்டு அமைச்சோடு தொடர்புடைய இராஜதந்திரப் பயிற்சி நிறுவனமும் அங்கேதான். டிப்ளோமா மட்டத்தில் தொடங்கி, இத்துறை தனக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டு மேலே செல்ல இவை உதவும்.

அயலில், சார்க் நாடுகள் சேர்ந்து அமைத்த தெற்காசியப் பல்கலைக்கழகம் 2010 முதல் புதுடில்லியில் இயங்குகிறது; சர்வதேச உறவுகளில் முதுமாணிப் பட்டம் அங்கு உண்டு. பிரித்தானியா செல்ல விரும்புவோருக்குச் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறது. அதற்குப் பட்டத்தோடு குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவம், அதாவது ஏறத்தாழ 2 ஆண்டு, வேண்டும். படித்து முடித்த பின் 2 ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அமெரிக்காவுக்குப் புல்பிரைட் புலமைப்பரிசில் உண்டு. விதிகளும் முடிவுத் திகதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடும். எனவே தோழி சொன்னாள் என்று இருந்துவிடாமல், அந்தந்த நிறுவனத்தின் அறிவித்தலை நீங்களே வாசியுங்கள்.

விண்ணப்பத்தில் கேட்பவை

எங்கே விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் கேட்பவை இவையே: பட்டப் பெறுபேறு, ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, உங்களை அறிந்த இருவரின் சிபாரிசுக் கடிதம், ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று விளக்கும் நோக்கக் கூற்று. சில இடங்களில் நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் கேட்பார்கள்.

பட்டம் அரசறிவியலில்தான் இருக்க வேண்டும் என்று எல்லா இடங்களும் வற்புறுத்துவதில்லை. சட்டம், பொருளியல், வரலாறு, மொழிகள் படித்தவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். சிபாரிசுக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலைய வேண்டாம். உங்களது கட்டுரையை வாசித்துத் திருத்திய விரிவுரையாளர் ஒருவர் எழுதும் ஒரு பக்கம், உங்களை ஒரே ஒரு தடவை கண்ட பிரமுகரின் கடிதத்தை விடப் பெறுமதியானது. அவருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசமாவது கொடுங்கள்.

நோக்கக் கூற்று எழுதுதல்

அதிக விண்ணப்பங்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு மாதிரியைப் பாருங்கள். வகுப்பில் காட்டுவதற்காக நானே எழுதியது:

"சிறுவயது முதலே உலக சமாதானத்தில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு. இன்றைய உலகமயமாதல் யுகத்தில் சர்வதேச உறவுகள் மிகவும் முக்கியமானவை. புகழ்பெற்ற உங்களது நிறுவனத்தில் கற்று நாட்டுக்குச் சேவை செய்வதே என் இலட்சியம்."

இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எந்த நாட்டிலிருந்தும் எவரும் இதை எழுதலாம். வாசிப்பவருக்கு இரண்டு விடயங்கள் தெரிய வேண்டும்: நீங்கள் விடை தேடும் கேள்வி என்ன? அதைத் தேட உங்களிடம் என்ன இருக்கிறது?

கேள்வியை எங்கே தேடுவது? எங்கள் சமூகத்தின் அனுபவத்திலேயே தேடலாம். மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005இல், 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். அவரது பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை மரணித்தது. அவர்மீது கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. ஆரம்ப விசாரணையின்போது அவருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை. அவர் தமிழில் சொன்னதை மொழிபெயர்த்தவர் தகுதியானவர் அல்லர் என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்ந்த இடத்தை அளிப்பானாக.

இந்தச் செய்தியை வாசித்து அழாதவர்கள் குறைவு. படிப்பவள் அழுததற்குப் பின் ஒரு படி மேலே போக வேண்டும். வெளிநாட்டில் கைதாகும் ஒருவருக்காக அவரது நாடு என்ன செய்யலாம் என்று சொல்வது 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா சமவாயம். அதன் 36ஆம் பிரிவின்படி, கைதானவர் கேட்டால் அவரது நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கலாம். சட்டத்தரணியை ஒழுங்கு செய்யலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஆக, கேள்வி இங்கே பிறக்கிறது. இப்போது அதே கூற்றை இப்படி எழுதலாம்:

"வளைகுடா நாடொன்றில் கைதாகும் இலங்கைப் பணிப்பெண்ணுக்கு முதல் விசாரணையிலேயே தகுதியான மொழிபெயர்ப்பாளர் கிடைக்கச் செய்ய, அனுப்பும் நாடு என்ன செய்யலாம்? வியன்னா சமவாயத்தின் 36ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசவில்லை. அந்த இடைவெளியை இருதரப்பு ஒப்பந்தங்களால் நிரப்ப முடியுமா என்று ஆராய விரும்புகிறேன். தமிழ் என் தாய்மொழி. பாடசாலையில் அரபு கற்றேன். சிங்களமும் ஆங்கிலமும் வாசிப்பேன். இக்கேள்விக்குரிய ஆவணங்களை அந்தந்த மொழியிலேயே என்னால் வாசிக்க முடியும்."

ஏழு வாக்கியங்கள்தான். 'ஆர்வம்' என்ற சொல்லே இதில் வரவில்லை. ஆனால் ஆர்வம் தெரிகிறது. எங்களில் பலர் சாதாரணமாக எண்ணும் மொழியறிவு எவ்வளவு பெரிய தகுதி என்பதும் தெரிகிறது. மொழி தெரிந்த ஒருவர் உரிய இடத்தில் இல்லாததனால் என்ன நேரலாம் என்று ரிஸானாவின் வழக்கு காட்டுகிறது. அந்த இடத்தில் நாளை இருக்கப்போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம்.

இதைப் பார்த்தெழுத வேண்டாம். உங்களது கேள்வி துறைமுகமாக இருக்கலாம். பாக்கு நீரிணை மீனவர் பிரச்சினையாக இருக்கலாம். கேள்வி சிறிதாகவும் உங்களுக்கே உரியதாகவும் இருக்கட்டும். முதலில் தமிழில் எழுதி, மனதில் தெளிந்த பின் ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்காத இடம் உங்களுக்கே தெளியாத இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பெற்றோர்களுக்கு

தொழில் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சை வர்த்தமானியில் அறிவிக்கப்படும்; அதைத் தமிழிலும் எழுதலாம். அதற்குப் பட்டம் போதும், முதுமாணி கட்டாயமல்ல. ஆனால் அது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதில்லை. தெரிவாகிறவர்களும் மிகச் சிலரே. வயதெல்லையும் உண்டு. அதை மட்டும் நம்பிப் படிக்க வைப்பது சரியல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் முகவரகங்கள், கொழும்பிலுள்ள தூதரகங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிலையங்கள், ஊடகம், ஏற்றுமதி, கப்பற்றுறை, பல்கலைக்கழக விரிவுரை, ஆசிரியத் தொழில் எனப் பல வழிகள் இருக்கின்றன. நன்றாக எழுதவும், ஆவணத்தை நுணுகி வாசிக்கவும், மூன்று மொழிகளில் பேசவும் தெரிந்த பெண்ணின் படிப்பு வீண்போகாது.

மகளைத் தனியே அனுப்பும் கவலை உங்களுக்கு இருப்பது இயல்பு. அவளும் அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்தக் கவலையினால் படிப்பையே மறுத்துவிடாதீர்கள். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய இடங்கள் இந்த நகரத்திலேயே இருக்கின்றன. முதல் படியை இங்கே வைக்கட்டும். அடுத்த படியைப் பிறகு மஷூரா செய்து முடிவெடுக்கலாம்.

இன்றே தொடங்க

உயர்தரத்தில் இருப்பவர்களுக்கு மூன்று வேலைகள் தருகிறேன். ஒன்று, ஒரு கொப்பி வாங்கி, இலங்கை பற்றிய ஒரு வெளிநாட்டுச் செய்தியைக் கிழமைக்கு ஒன்றாக எழுதி, அதன் கீழே உங்களது கேள்வியையும் எழுதுங்கள். இரண்டு, அதே செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையிலும் சிங்களப் பத்திரிகையிலும் வாசித்து, எதை எவர் விட்டுவிட்டார் என்று பாருங்கள். மூன்று, அரபு வகுப்பை வெறும் பரீட்சைப் பாடமாக எண்ணி விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வருடத்தில் அந்தக் கொப்பியில் நூறு கேள்விகள் சேர்ந்திருக்கும். அவற்றில் ஒன்று உங்களைத் தூங்கவிடாது. விண்ணப்பப் படிவம் கைக்கு வரும் நாளில் அதைத்தான் எழுதப்போகிறீர்கள், இன்ஷா அல்லாஹ். பயனுள்ள கல்வியை அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் இலேசாக்கித் தருவானாக.